பிள்ளையில் பிழை இல்லை

தம்பி,

சனிக்கிழமை நீ போனை வைத்த பிறகு, தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப்போகும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. அப்பா வந்து அடுப்பை நிறுத்திவிட்டு, ஊரில் யாரும் செத்துப்போய்விட்டார்களோ என்று கேட்டார். இல்லை என்றேன். மருமகளுக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்குகிறது, உப்பைக் குறைக்கச் சொல்லு என்று நல்லபடியாகத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். பிறக்கப்போகிற பிள்ளை உன்னை என்னவென்று கூப்பிடும் என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். நீ சொன்னாய்: "அம்மா, நாங்கள் ரெண்டு பேரும் யோசிச்சு முடிவெடுத்திட்டம். பிள்ளையோட ஜெர்மன்தான் கதைக்கப்போறம். என்ர தமிழ் பிழைத் தமிழ். அதைக் குடுத்துப் பிள்ளையைப் பழுதாக்கேலாது." கோபமாகச் சொல்லவில்லை, என்னை நோகடிக்கவும் சொல்லவில்லை. மருமகளின் கால் வீக்கத்தைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாய். நானும் சரி என்று சொல்லிவிட்டு மறுபடியும் உப்பைப் பற்றிக் கதைத்தேன்.

அம்மா இனித் தமிழ் வாழ்க என்று தொடங்கப்போகிறாள் என்று நினைக்காதே. ஆண்டுவிழாவுக்கு மேடையேறி அப்படி முழங்குகிறவர்களின் பிள்ளைகள் பின்வரிசையில் பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருப்பதை நானும்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சுகளில் நான் தூங்கிவிழுவதைச் சொல்லி நீயே என்னைப் பகிடி பண்ணுகிறவன். உன் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்களில் முதல் ஆளும் நான்தான். மரியாதையாகக் கதை, மரியாதையாகக் கதை என்று சொல்லி வளர்த்ததில், ஒருநாள் மாட்டைக் கண்டு "அம்மா, மாடு வாறார்" என்றாய். நீ கலியாணம் கட்டின பிறகும் அதை வில் என்ற ஊரில் இருக்கிற உன் மாமியார் வீடுவரைக்கும் கொண்டுபோய்ச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் சனிக்கிழமை என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. நீ சொன்ன அந்த வசனத்தை நான் இதற்கு முதலும் ஒருமுறை கேட்டிருக்கிறேன், ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அப்படியே, தமிழே தெரியாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து. அன்றைக்கும் இப்படித்தான் உறைந்துபோய் நின்றேன். அந்தக் கதையின் நடுவில் நிற்கிறவன் நீதான். உனக்கு அது நினைவில்லை, நாங்களும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அகதி முகாமிலிருந்து வெளியே வந்து, இந்த நாட்டின் பிரெஞ்சுப் பக்கத்தில், லோசானில் மலைச்சரிவில் இருந்த ஒரு பழைய கட்டடத்தில் எங்களுக்கு இரண்டு அறை கிடைத்திருந்தது. கேஸ் முடியவில்லை. எந்த நேரமும் திருப்பி அனுப்பலாம் என்ற பயத்தோடுதான் நித்திரைக்குப் போவோம். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். நான் ஆஸ்பத்திரியில் விடியமுன்னம் ஒருமுறையும் பின்னேரம் ஒருமுறையும் நிலம் துடைத்தேன். உனக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. கீழ்த்தளத்தில் ஷூலியா இருந்தாள். ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் என்ற இடத்தில், நிலக்கரி தோண்டுகிற ஊரில் பிறந்தவள். பெர்மி என்கிற வதிவிட அட்டையில் இருக்கிற பெயரை ஸ்பானியர்கள் ஹூலியா என்று வாசித்தார்கள், பிரெஞ்சுக்காரர் ஜூலியா என்றார்கள். அவள் மட்டும் தன் நெஞ்சில் விரலை வைத்து எனக்கு "ஷூலியா" என்று சொல்லித்தந்தாள். ஒரு பெயருக்கு ஏன் மூன்று சத்தம் என்று நான் கேட்கவில்லை. என் பெயரை இந்த நாட்டுக்காரர் அதைவிட மோசமாகக் கொத்தி வைத்திருந்தார்கள். அவளுடைய புருஷன் ஸ்பெயினின் தெற்குப் பக்கத்து ஆள், கட்டட வேலை. எலேனா என்று எட்டு வயதில் ஒரு மகள். ஹோட்டல் துணி தோய்த்துத் தோய்த்து முழங்கால் போனதால் ஷூலியா வீட்டில் இருந்தாள். உன்னைத் தூக்கிக்கொண்டு படியில் நான் ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் கையை நீட்டி உன்னை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு நாலு வருஷம் உன் பகலெல்லாம் அவளுடைய குசினியில்தான்.

இனி எங்கள் முட்டாள்தனத்தைக் கேள். நீ கதைக்கத் தொடங்கினாய், பொரிந்து தள்ளினாய். எங்களுக்கு அதில் பாதி விளங்காது. அதனால் அது பிரெஞ்சு என்று முடிவுகட்டிவிட்டோம். சிரிக்காதே. எனக்கு அப்போது தெரிந்த பிரெஞ்சு வாளி, கூட்டுகிற தும்புத்தடி, காலை வணக்கம், அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் குசினிக்குள் பத்து நாட்டுக்காரர் கலந்தடித்துக் கதைக்கிற பிரெஞ்சு. நீ சோறு வேண்டாம் என்பதற்கு "நுன்" என்றாய். நான் அதைப் பொறுக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் மேற்பார்வைக்காரியிடம் "நுன், மதாம்" என்றேன். இல்லை என்பதற்குப் பிரெஞ்சில் சொல்லுகிற "நோன்" என் வாயில் கொஞ்சம் வளைந்து வருகிறது என்று நினைத்திருப்பாள். ரொட்டி விற்கிற பாணுக்கடைக்கு உன்னைத்தான் மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிப்போவேன். நீ கண்ணாடியில் விரலை வைத்து "பிரேஸ்தமே" என்று ஏதோ நீளமாகச் சொல்லுவாய், கடைக்காரி சிரித்துக்கொண்டு நீ காட்டிய பாணை எடுத்துத் தருவாள். பெடியன் பிரெஞ்சில் வெளுத்து வாங்குகிறான் என்று அப்பா முகாமில் இருந்த கூட்டாளிகளுக்கெல்லாம் சொன்னார். எங்களுக்கு இந்த நாட்டில் பெருமைப்பட வேறு ஒன்றும் இருக்கவில்லை, அதை நீ விளங்கிக்கொள்ள வேண்டும்.

நாலு வயதில் உன்னைப் பள்ளிக்கூடத்தின் சின்ன வகுப்பில் சேர்த்தோம். இரண்டு மாதம் போயிருக்கும், எங்களை வரச்சொன்னார்கள். கெட்டிக்காரன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நான் சீலை உடுத்திக்கொண்டு போனேன். உள்ளே உன் ரீச்சரோடு இன்னொரு பெண்ணும் இருந்தாள். புதன் பின்னேரங்களில் ஸ்பானியப் பிள்ளைகளுக்கு ஸ்பானியம் படிப்பிக்கிற ஆள் அவள், ஸ்பெயினிலிருந்து அதற்கென்று வந்தவள். நீ கதைப்பதில் ஸ்பானியம் போல ஏதோ கேட்கிறது என்று ரீச்சர்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். ரீச்சர் மெதுவாகச் சொல்லச் சொல்ல அப்பா எனக்குத் தமிழில் சொன்னார். உனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாதாம். நீ கதைப்பது ஸ்பானியமும் இல்லையாம். ஸ்பானியச் சொற்களை உடைத்து, நீயாகவே சொற்களை உண்டாக்கி, நடுவில் எங்கள் பாஷையையும் போட்டுக் குழப்புகிறாயாம். உன் பேச்சில் ஏதோ கோளாறு, மூளை சம்பந்தமாகவும் இருக்கலாம், ஒக்டோபர் விடுமுறைக்குப் பிறகு உன்னைத் தனி வகுப்புக்கு அனுப்புவதுதான் நல்லது என்றார்களாம். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த முயல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனி வகுப்பு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். முகாமில் எங்களோடு இருந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை அதற்குப் போனது, பிறகு வெளியே வரவேயில்லை. வாழ்நாள் முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு அந்த ஸ்பானியப் பெண் இன்னொன்றும் சொன்னாள். நீ எதைப் பார்த்தாலும் "பிரேஸ்தமே" என்கிறாயாம், ஸ்பானியத்தில் அதற்கு 'எனக்குக் கடன் தா' என்று அர்த்தமாம். சூப்பைக் கடன் தா, பந்தைக் கடன் தா, மழையைக் கடன் தா என்று கேட்கிற பிள்ளையின் தலைக்குள் எல்லாம் கலங்கிப்போய் இருக்கிறது என்றாள். அகதிப் பிள்ளை, அதனால் கேட்டுப் பழகிவிட்டது போலும் என்று இரக்கமாகவும் சொன்னாள். எனக்குத் தலையில் யாரோ அடித்ததுபோல இருந்தது. அப்போதுதான் அவள் வேறு சில சொற்களையும் சொல்லிக்காட்டினாள். 'நுன்'. 'யே'. பாலுக்கு 'லியேச்சே'. எனக்குள் ஏதோ திறந்தது. இதெல்லாம் நான் தினமும் கீழ்வீட்டுக் கதவடியில் கேட்கிற சொற்கள். அப்பாவின் கையைப் பிடித்து, இது ஷூலியா கதைக்கிற பாஷை, பிள்ளை ஒன்றையும் உண்டாக்கவில்லை என்று சொன்னேன். அப்பா அதைச் சொன்னார். ஷூலியா ஸ்பானியப் பெண் என்றால் இப்படிக் கதைக்கமாட்டாள் என்றாள் அந்த ஸ்பானிய ரீச்சர். எலேனா தன் வகுப்பிலேயே கெட்டிக்காரி, அந்த வீட்டில் சுத்தமான ஸ்பானியம்தான் பேசுகிறார்கள் என்றாள்.

வேலைக்குப் போகாமல் நேரே ஷூலியாவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு குசினிப் பாஷை இருந்தது, அவளுடைய சொல் பாதி, உடைந்த பிரெஞ்சு பாதி, மிச்சம் கை. அதில் நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் செய்த வேலை, எழும்பிப்போய் எலேனாவின் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு என் பக்கத்தில் வந்திருந்து, மெதுவாக, களவு செய்து பிடிபட்டவள் போலச் சொன்னாள். நான் அதை எங்கள் தமிழில்தான் சொல்லவேண்டும்: "அது பாஷை இல்லை. நாங்கள் அங்கை பிழையாக் கதைக்கிறனாங்கள். அதைக் குடுத்து என்ர பிள்ளையைப் பழுதாக்கக் கூடாதெண்டு அவளோட நான் ஒருநாளும் கதைக்கேல்லை." அதற்கு ஒரு பெயர் இருக்குமே என்று கேட்டேன். நோயின் பெயரைச் சொல்லுகிறமாதிரி "பாப்லே" என்றாள். ஒரு தளபதி ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடம் போனவள் அவள். ஸ்பானியர் 'எஸ்' என்கிற இடத்தில் எந்த நேரமும் வாயில் வருகிற அந்த 'யே' வந்துவிட்டால் வாத்தியார் பிரம்பை எடுப்பாராம். புருஷன் கலியாணமான புதிதில் தன் கூட்டாளிகளுக்கு முன்னால் அவளைக் கதைக்கவைத்துச் சிரிப்பானாம். எலேனா பிறந்தபிறகு அதை வாயிலிருந்தே எடுத்துவிட்டாளாம். பிறகு, எலேனா பள்ளிக்கூடத்தில் இருக்கிற பகல்களுக்கு நீ வந்தாய். உன்னோடு கதைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது, நீங்கள் ஸ்பெயின் ஆட்கள் இல்லையே என்றாள். 'பிரேஸ்தமே' என்றால் என்ன என்று கேட்டேன். அவளுடைய ஊரில் அதற்கு, இது எனக்கு நல்லாயிருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு என்று அர்த்தம். சூப் பிடிச்சிருக்கு. பந்து பிடிச்சிருக்கு. மழை பிடிச்சிருக்கு. நீ நாலு வருஷமாக இந்த ஊரைப் பார்த்து அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாய், அவர்கள் உன்னைக் கடன்காரன் ஆக்கிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து இதைச் சொல்லு என்று அவளைக் கும்பிடாத குறையாகக் கேட்டேன். அவள் மாட்டேன் என்றாள். அந்த ஸ்பானிய ரீச்சர் எலேனாவின் ரீச்சர். அவளுக்கு முன்னால் தான் யார் என்று காட்டினால் எலேனாவின் மதிப்புப் போய்விடும் என்றாள். என் பிள்ளையின் வாழ்க்கை போகிறது என்றேன். அவள் அழுதாளே தவிர ஓம் என்று சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். நீயோ படி முழுக்க, திரும்பத் திரும்ப அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினாய்.

அன்றிரவு அப்பாவுக்கும் எனக்கும் நித்திரையில்லை. எனக்குப் பயம் ஒரு பக்கம், அதிர்ச்சி இன்னொரு பக்கம். நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று யோசித்துப்பார். அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் உன் தாத்தா அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார், சிங்களத்தில் வந்ததால். எங்கள் பாஷைக்கு மரியாதை இல்லை என்றுதானே எல்லாம் தொடங்கியது. அடிக்கிறவன் இன்னொருவன் என்றுதான் எனக்குத் தெரியும். தன் பாஷையைத் தானே பாஷை இல்லை என்று சொல்லுகிற ஒரு ஆளை நான் அதுவரை கண்டதில்லை. அவளுடைய நாட்டில் அந்தத் தளபதி செத்துக் கனகாலம். இப்போது சட்டத்தில் இந்தப் பாஷையைக் காப்பாற்றுவோம் என்று எழுதிவைத்திருக்கிறார்களாம், விரும்பின பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியும் கொடுக்கிறார்களாம். ஆனால் அரசாங்கப் பாஷை என்று ஏற்கவில்லையாம். பெடியன்கள் சுவரில் அதற்காக எழுதுகிறார்கள் என்று அவளுடைய தம்பி போனில் சொல்லிச் சிரித்தானாம். அவளும் சிரித்தாள். காப்பாற்றுவோம் என்றால் என்ன, ஏற்கமாட்டோம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. இந்த நாட்டுக் காசுத்தாளை எடுத்துப்பார், நாலு பாஷையில் எழுதியிருக்கும், அதில் ஒன்றை மலைக்குள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான் கதைக்கிறார்கள். அந்தக் காசைத்தான் அவளும் நானும் தினமும் பிடித்துக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் பஸ்ஸில் ஒரு தமிழ்நாட்டுப் பெண் என்னோடு கதை கொடுத்தாள். நான் அவளிடம் "இங்கதான் இருக்கோம், ஆஸ்பத்திரில வேலை பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது. "இஞ்சைதான் இருக்கிறம், வேலை செய்யிறன்" என்று சொல்லுகிற நாக்கு அவளைக் கண்டதும் எங்கே போய் ஒளிந்தது? யாரும் என்னைப் பிரம்பால் அடிக்கவில்லையே.

இரண்டாம் தரம் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ஷூலியா இல்லாமல்தான் போனோம். தனி வகுப்புக் கடதாசியில் கையெழுத்துப் போடுவதற்கு. உன்னையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், நீ தரையில் இருந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். கதவு திறந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஷூலியா நின்றாள். பின்னால் எலேனா. எலேனாவை ஏன் கொண்டுவந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தனியாக வரப் பயந்திருப்பாள். அவள் அந்த ஸ்பானிய ரீச்சரைப் பார்த்து, சட்டைப் பொத்தானைப் பூட்டினமாதிரி இறுக்கமான ஒரு ஸ்பானியத்தில் வணக்கம் சொன்னாள். அந்தக் குரலே எனக்குப் புதிது. நீ அவளைக் கண்டதும் கட்டைகளைத் தட்டிவிட்டு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்த முயலைக் காட்டி என்னென்னவோ சொன்னாய். அவள் அந்தப் பூட்டிய குரலிலேயே உனக்கும் ஏதோ பதில் சொன்னாள். நீ கையை எடுத்துவிட்டாய். சொல் விளங்காமல் இல்லை, ஆள் விளங்கவில்லை உனக்கு. ஒரு அடி பின்னுக்கு வந்து அவளை அண்ணாந்து பார்த்தாய், உதடு துடித்தது. அவளுடைய பாஷையில் ஒன்று கேட்டாய். அது எனக்கும் விளங்கியது: "என்னோட கோவமோ?"

ஷூலியா முழங்கால் வலிக்கிற ஆள். குனிந்து எழும்பவே ஒரு பாடு. அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். உன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மியோ நேஞு" என்றாள், என் குஞ்சு என்கிறமாதிரி. பிறகு அந்தப் பாஷை அவளுடைய வாயிலிருந்து கொட்டியது. நீ சிரித்தாய். முயலுக்கு ஏன் வால் சின்னது என்று கேட்டாய், அவள் ஏதோ பொய்க் கதை சொன்னாள், நீ மறுத்தாய், அவள் சண்டை பிடித்தாள். ரீச்சர் பேனையைக் கீழே வைத்துவிட்டாள். பிரெஞ்சு மட்டும் தெரிந்த அவளுக்குக்கூட, இது கோளாறுள்ள பிள்ளை இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த ஸ்பானிய ரீச்சரும் ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் சொன்னதை அப்பா எனக்குச் சொன்னார்: "பிள்ளையில பிழை இல்லையாம். பாஷையிலதான் பிழையாம்." நான் அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அப்பா மெர்சி, மெர்சி என்றார். அதன் பிறகுதான் நான் நிலத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், ஓம், ஓம், அப்படித்தான் என்று. உன் ரீச்சர், நல்ல மனுஷி, ஷூலியாவைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, இந்தப் பக்கத்து ஆட்களுக்கும் முந்தி இப்படி ஒரு பேச்சு இருந்தது, பள்ளிக்கூடங்களில் அதைத் தடுத்தார்கள், இப்போது யாருக்கும் தெரியாது என்றாள். நேற்று மழை பெய்தது, இன்றைக்கு விட்டுவிட்டது என்பதுபோலச் சொன்னாள். நாலு பாஷையில் காசு அடிக்கிற நாட்டில்.

வெளியே வந்து படியில் நிற்கும்போதுதான் எலேனா வாயைத் திறந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாயின் வாயிலிருந்து அப்படி ஒரு குரலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. என்னோடு ஏன் ஒருநாளும் இப்படிக் கதைக்கவில்லை என்று கேட்டாள். ஷூலியா அவளுடைய தலைமயிரை ஒதுக்கிவிட்டு ஏதோ சொன்னாள். பிறகு எனக்குத் திரும்பி அதையே எங்கள் குசினிப் பாஷையில் சொன்னாள், நானும் ஒரு தாய் என்பதால் எனக்கு விளங்கும் என்று நினைத்தாள் போலும்: "உன்னை நல்லாக் கொண்டுவரோணும் எண்டுதானே." எலேனா எங்களை விட்டுவிட்டு முன்னால் நடந்துபோனாள். எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்படியென்றால் என் பிள்ளை? என் பிள்ளை எப்படி வந்தாலும் பரவாயில்லையா? தன் பிள்ளைக்குக் கொடுக்க வெட்கப்பட்டதைத்தான் என் பிள்ளைக்குக் கொடுத்தாளா? கன நாள் அது என் மனதில் கிடந்து அரித்தது. ஆனால் நீ அவளுடைய மடியில் இருந்து அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். தன் வீட்டில் கதைக்க ஒரு ஆளில்லாமல் இருந்தவளுக்கு, ஒன்றும் தெரியாத ஒரு கறுத்தக் குழந்தை கிடைத்தது. அவளால் அடக்க முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

தனி வகுப்பு நின்றுவிட்டது. ஆனால் வீட்டிலும் கீழ்வீட்டிலும் இனிப் பிரெஞ்சுதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பினார்கள். அப்பா ஓம் என்றார், நானும் ஓம் என்றேன். ஷூலியாதான் எங்களைவிடக் கண்டிப்பாக அதைச் செய்தாள். தனக்கு வராத பிரெஞ்சை வைத்துக்கொண்டு உனக்குச் சாப்பாடு தீத்தினாள். முதலில் நீ கோபித்தாய், தட்டைத் தட்டிவிட்டாய், பிறகு பழகிவிட்டாய். பிள்ளைகள் எவ்வளவு கெதியாக மறப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த வருஷம் வசந்தம் வரும்போது உன் வாயில் பிரெஞ்சு ஓடியது, உண்மையான பிரெஞ்சு, பாணுக்கடைக்காரி உன்னோடு நின்று கதைத்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்குச் சொல்லி மாளாது.

ஒருநாள் மத்தியானம் நாங்கள் இருவரும் படியேறி வரும்போது ஷூலியா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் சூடாக, பயறும் இறைச்சியும் போட்ட அவளுடைய சூப்பு. மூடியைத் திறந்து உனக்குக் காட்டி, தன்னை மறந்து, "பிரேஸ்ததே?" என்று கேட்டாள். உனக்குப் பிடிச்சிருக்கோ? அவ்வளவுதான் கேட்டாள். நீ அவளை நிமிர்ந்து பார்த்தாய். பகிடிக்குச் செய்யவில்லை, உனக்கு உண்மையாகவே தெரியவில்லை. மிக மரியாதையாக, சுத்தமான பிரெஞ்சில், மன்னிக்கவேண்டும் மதாம், நீங்கள் சொன்னது விளங்கவில்லை என்றாய். அவள் சூப்பின் மூடியைத் திரும்பப் போட்டாள். பிறகு சிரித்தாள். என்னைப் பார்த்து, "பார், இப்ப எவ்வளவு வடிவாக் கதைக்கிறான்" என்றாள். நானும் சிரித்தேன், தம்பி. பெருமையாகத்தான் சிரித்தேன். மேலே வந்து கதவைப் பூட்டி, செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்கு அது விளங்கியது. புருஷனுக்கு அந்தப் பாஷை பகிடி. மகளுக்கு அதை அவள் கொடுக்கவில்லை. இந்த நாட்டில் அவளுடைய பாஷையில் அவளுக்குப் பதில் சொல்ல இருந்தது நீ ஒருவன்தான். அன்றைக்கு அந்தப் படியில் அது முடிந்துபோனது.

உன்னில் குற்றமில்லை, நீ ஐந்து வயதுப் பிள்ளை. ஆனால் இன்னும் இரண்டு மாதத்தில் நீ தகப்பன். இந்த நாட்டின் ஜெர்மன் பக்கத்தில், ஓர்லிகோனில் உன் வீட்டில் நீயும் மருமகளும் கதைக்கிற ஜெர்மனைப் பிள்ளை ஒரு பிழையும் இல்லாமல் கதைக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் ரயிலேறி வந்து, பிள்ளையைத் தூக்கி, பசிக்குதோ குஞ்சு என்று கேட்பேன். அது என்னை மரியாதையாகப் பார்த்து, என்ன சொல்லுகிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்கும். அப்போது நான் உன் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு, பார், எவ்வளவு வடிவாகக் கதைக்குது என்று சொல்லவேண்டும். ஷூலியா அப்படிச் சொன்னாள். எனக்கு அது வராது, மகனே. நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

உன் அம்மா